ஒளி மேற்பரப்பை மட்டும் காட்டுமா? ஒரு கேள்வியும் தொடர்ந்த குறிப்புகளும்

மார்ச் 6, மாலை (வாசகர் கேள்வி)

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் கொட்டகைக் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆறாம் படிவத்தில் இயற்பியல் படிக்கும் என் பேத்தி நேற்று ஒரு செய்தி சொன்னாள். லேசர் ஒளியை நீரின் மேல் செலுத்தி, மேலே கிடக்கும் ஒற்றை அடுக்கு மூலக்கூறுகளைப் பற்றி மட்டும் அறிந்துகொள்ள முடியுமாம். ஒளி நீருக்குள் போகும் என்பதை அறிய ஆய்வகம் தேவையில்லை. தெளிந்த ஆற்றில் அடிமணல் கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளே போய்வரும் ஒளி உள்ளே இருப்பதையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும்? இது மிகைக்கூற்று என்பது என் கருத்து. அறிந்தவர்கள் மறுக்கலாம்.

மார்ச் 6, இரவு

கிராணி ஐயா, உங்கள் பேத்தி சொன்னது சரி. ஒளி உள்ளே போகிறது என்று நீங்கள் சொல்வதும் சரி. உள்ளே போனாலும், நாம் எதிர்பார்க்கும் புதிய நிற ஒளியை உட்பகுதி நீர் உண்டாக்குவதில்லை. மேற்பரப்பு மட்டும் உண்டாக்குகிறது. அந்தப் புதிய நிறத்தை மட்டும் பிரித்தெடுத்து அளப்பதே இந்த முறையின் உயிர்நாடி.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு ஒரு கணக்கு. நீர் மூலக்கூறு ஒன்றின் குறுக்களவு ஏறத்தாழ 0.3 நானோமீட்டர். ஒரு சென்டிமீட்டர் ஆழமுள்ள நீரில் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுக்குகள் இருக்கின்றன. சாதாரண அகச்சிவப்பு நிறமாலை எடுத்தால் அத்தனை அடுக்குகளும் சேர்ந்து பேசும். மேலடுக்கின் குரல் அதில் மூழ்கிப்போகும். நான் முதுகலை ஆய்வுக்காகச் சில காலம் இத்தகைய கருவி ஒன்றோடு இருட்டறையில் வாழ்ந்தவன். நாளை விரிவாக எழுதுகிறேன்.

மார்ச் 7, இரவு

முதலில் அடிப்படை. ஒளி என்பது மாறிமாறி அலையும் மின்புலம். அது மூலக்கூறின் எதிர்மின்னிகளை அசைக்கிறது; அசையும் மின்னிகள் மறுபடி ஒளியை வெளியிடுகின்றன. ஒளி மெல்லியதாக இருந்தால் அசைவு புலத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும்; வந்த நிறமே திரும்பி வரும். லேசர் துடிப்பின் வலிமையில் அந்த நேர் விகிதம் குலைகிறது. அப்போது புலத்தின் இருபடிக்கு ஏற்ற ஓர் அசைவும் சேர்கிறது. அந்த இருபடி அசைவிலிருந்து இரட்டை அதிர்வெண் கொண்ட ஒளி பிறக்கிறது. இரண்டு வேறு நிறங்களைச் சேர்த்து அனுப்பினால், இரண்டின் அதிர்வெண்களும் கூட்டப்பட்ட மூன்றாவது நிறம் பிறக்கிறது. இந்தத் துறையை நேரியலற்ற ஒளியியல் என்கிறோம்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். உட்பகுதி நீரில் மூலக்கூறுகள் எல்லாத் திசைகளிலும் சம அளவில் திரும்பியிருக்கின்றன. அதாவது, அந்த நீரை ஒரு புள்ளியைச் சுற்றித் தலைகீழாகப் புரட்டினாலும் அது அதே நீராகத்தான் இருக்கும். புரட்டும்போது புலத்தின் குறி மாறுகிறது. அசைவின் குறியும் மாற வேண்டும். ஆனால் இருபடி அசைவில் புலம் இரண்டு முறை பெருக்கப்படுவதால், எதிர்க்குறியும் எதிர்க்குறியும் சேர்ந்து நேர்க்குறியாகிவிடுகின்றன; அசைவு மாறாமல் நிற்கிறது. ஓர் அளவு தன் எதிர் அளவுக்குச் சமம் என்றால் அது சுழியமாகத்தான் இருக்க முடியும். ஆகவே உட்பகுதியிலிருந்து புதிய நிறம் கிடையாது. மேற்பரப்பில் மேலே காற்று, கீழே நீர் என்று இரண்டு பக்கமும் வேறாக இருப்பதால் புரட்டினால் அதுவே திரும்பக் கிடைக்காது. ஆகவே அங்கே புதிய நிறம் உண்டு.

இதற்கு மேல் கணக்கு வேண்டாம் என்பவர்கள் ஓர் ஊஞ்சலை எண்ணிப் பார்க்கலாம். வெளியில் கட்டிய ஊஞ்சல் முன்னும் பின்னும் ஒரே அளவில் ஆடும். சுவரை ஒட்டிக் கட்டினால் ஒரு பக்கம் சுருங்கியும் மறுபக்கம் விரிந்தும் ஆடும். அந்தச் சமமின்மைதான் இரட்டை அதிர்வெண்ணுக்குக் காரணம். மேற்பரப்பு என்பது அந்தச் சுவர்.

மார்ச் 8, காலை

பேத்தி (தங்கச்சி என்றே அழைக்கிறேன்) வரலாறு கேட்டிருக்கிறார். சுருக்கமாகச் சொல்கிறேன். 1961-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கென் குழுவினர் மாணிக்கக்கல் லேசரின் 694.3 நானோமீட்டர் சிவப்பு ஒளியைப் படிகக்கல் வழியே அனுப்பி, அதன் பாதி அலைநீளமான 347.2 நானோமீட்டரில் புற ஊதா ஒளியைக் கண்டார்கள். ஒளிப்படத் தட்டில் அது ஒரு மங்கிய புள்ளி. ஆய்விதழ் அச்சானபோது அந்தப் புள்ளியை ஏதோ கறை என்று கருதி நீக்கிவிட்டார்கள். அம்புக்குறி மட்டும் வெற்றிடத்தைச் சுட்டி நிற்கிறது. அடுத்த ஆண்டே புளூம்பெர்கனும் பெர்ஷனும் இத்தகைய ஒளி இரண்டு பொருள்களின் எல்லையில் எப்படி நடந்துகொள்ளும் என்ற கோட்பாட்டை எழுதினார்கள். புளூம்பெர்கனுக்கு 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவரிடம் பயின்ற ஒய். ஆர். ஷென் பெர்க்லியில் இதை மேற்பரப்பு மூலக்கூறுகளை ஆராயும் கருவியாக வளர்த்தெடுத்தார். இரண்டு நிறங்களைக் கூட்டும் கூட்டு அதிர்வெண் முறையில் மேற்பரப்பு மூலக்கூறுகளின் அதிர்வு நிறமாலை 1987-இல் வெளிவந்தது.

மார்ச் 9, பின்னிரவு

கருவியைப் பற்றிக் கேட்டவருக்கு. பச்சை லேசர் 532 நானோமீட்டரில் நிலையாக இருக்கும். அதோடு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கற்றை ஒன்று, அதன் நிறத்தை நாம் படிப்படியாக மாற்றிக்கொண்டே போவோம். மேற்பரப்பு மூலக்கூறின் ஏதேனும் ஓர் அதிர்வோடு அகச்சிவப்பு ஒத்துப்போகும் இடத்தில் புதிய ஒளி சட்டென்று பெருகும். மெத்தில் தொகுதியின் (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும்) அதிர்வு, அலை எண் கணக்கில் (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை), சென்டிமீட்டருக்கு 2,875-ஐ ஒட்டி வரும். பச்சை ஒளியின் அலை எண் 18,797. கூட்டினால் 21,672, அதாவது 461 நானோமீட்டர், நீல ஒளி. பச்சையும் கண்ணுக்குத் தெரியாததும் சேர்ந்து நீலத்தைத் தருகின்றன. எழுதும்போது இப்போதும் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

கற்றைகள் இரண்டும் ஒரே இடத்தில், ஒரே கணத்தில் விழ வேண்டும். துடிப்பின் நீளம் 30 பைக்கோ விநாடி என்றால், அந்த நேரத்தில் ஒளி கடக்கும் தூரம் 9 மில்லிமீட்டர். கண்ணாடிகளை நகர்த்தி, ஒரு கற்றையின் பாதையைக் கூட்டிக் குறைத்து, அந்தச் சிறு சாளரத்துக்குள் இரண்டையும் சந்திக்க வைக்க வேண்டும். முதலில் படிகக்கல் துண்டையோ பொன் பூச்சையோ வைத்துத் தேடுவோம், அவற்றில் ஒளி வலுவாக வரும் என்பதால். பிறகு அதே உயரத்தில் நீர்த்தட்டை வைப்போம். நீர் ஆவியாக ஆக மட்டம் இறங்குகிறது. எதிரொளிக்கும் கற்றை மெல்ல மெல்லக் கீழே நழுவுகிறது. அளவுகோலில் எண்கள் சரிகின்றன. புதியவர்கள் அதை மூலக்கூறுகளின் மாற்றம் என்று குறித்துக்கொள்வார்கள்.

நம் ஊர் ஈரக்காற்று இன்னொரு தொல்லை. காற்றிலுள்ள நீராவியே அலை எண் 3,700-ஐ ஒட்டிய அகச்சிவப்பை விழுங்கிவிடும் என்பதால், கற்றை போகும் வழி முழுவதையும் பெட்டிக்குள் அடைத்து உலர்ந்த காற்றைச் செலுத்துவார்கள்.

மார்ச் 11, மாலை

தங்கச்சியின் கேள்வி: "அண்ணா, சுத்தமான நீரின் மேற்பரப்பில் அப்படி என்ன புதிதாகத் தெரிந்தது?"

1993-இல் ஷென் குழுவினர் நீர்–காற்று எல்லையின் நிறமாலையை வெளியிட்டார்கள். 3,700-ஐ ஒட்டி ஒரு கூரிய முகடு. உட்பகுதி நீரில் ஒவ்வொரு ஹைட்ரஜனும் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனோடு பிணைந்திருப்பதால் அதிர்வு தளர்ந்து, 3,200 முதல் 3,500 வரை அகன்ற மேடாகத் தெரியும். கூரிய முகடு பிணைப்பற்ற அதிர்வு. மேலடுக்கில் சில மூலக்கூறுகள் ஒரு ஹைட்ரஜனைக் காற்றுப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கின்றன; அந்த ஹைட்ரஜனுக்குப் பற்றிக்கொள்ளத் துணை கிடையாது. மேலடுக்கில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இப்படி நிற்பதாக அவர்கள் கணக்கிட்டார்கள். எண்ணெய்–நீர் எல்லையை ஓரிகான் பல்கலைக்கழகத்தில் ஜெரால்டின் ரிச்மண்ட் ஆராய்ந்தபோது அங்கும் இதே முகடு, சற்றே குறைந்த அலை எண்ணில் வந்தது. எண்ணெய் அந்த ஹைட்ரஜனை மெலிதாக இழுக்கிறது என்று அதற்குப் பொருள். நம் ஊர்ப் பக்கத்துச் செம்பனை ஆலையில் நீரும் எண்ணெயும் பிரியும் தொட்டியருகே நின்றவர்கள், அந்த எல்லைக்கோட்டில் நடப்பது இது என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

மார்ச் 12, காலை

மார்ச் 7 குறிப்பில் ஒன்றைக் கூர்மைப்படுத்த வேண்டும். உட்பகுதியிலிருந்து புதிய ஒளி சுழியம் என்பது மின் இருமுனை அசைவை (நேர், எதிர்ச் சுமைகள் விலகி ஆடுவதை) மட்டும் கணக்கில் கொண்ட முடிவு. ஒளியின் புலம் இடத்துக்கு இடம் மாறுவதால் எழும் நான்முனைப் பங்கு ஒன்று உட்பகுதியிலும் உண்டு. ஒரு மூலக்கூறைப் பொறுத்தவரை அது மிக நலிந்தது; ஆனால் உட்பகுதியில் மூலக்கூறுகள் ஏராளம். மேற்பரப்பு அடுக்கு நன்கு ஒழுங்குபட்டிருந்தால் இருமுனைப் பங்கு ஓங்கி நிற்கும். ஒழுங்கு குறைந்த பரப்புகளில் மற்றது எவ்வளவு கலந்திருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் வாதாட வேண்டும். "மேற்பரப்பை மட்டும்" என்ற சொல்லுக்கு ஐயா காட்டிய ஐயம், இந்த ஓர் இடத்தில் ஆய்வாளர்களுக்கும் இருக்கிறது.

மார்ச் 14, இரவு

முகடு தெரியவில்லை என்றால் அந்த மூலக்கூறு அங்கே இல்லை என்று பொருளா? இதை ஒருவர் சாதாரணமாகக் கேட்டிருக்கிறார். எனக்கோ இதுதான் இந்த இழையிலேயே பெரிய கேள்வி.

செம்பனை எண்ணெயில் நிறைந்திருக்கும் பால்மிட்டிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். அதை நீரின் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி, பக்கவாட்டிலிருந்து நெருக்கினால் மூலக்கூறுகள் வால் மேலே, தலை நீரில் என்று நிமிர்ந்து நிற்கும். ஒவ்வொரு வாலிலும் 14 மெத்திலீன் தொகுதிகளும் (ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும்) நுனியில் ஒரே ஒரு மெத்திலும் உண்டு. எண்ணிக்கைப்படி பார்த்தால் மெத்திலீனின் முகடுதான் ஓங்கியிருக்க வேண்டும். நிறமாலையிலோ மெத்தில் முகடுகள் ஓங்கி நிற்கின்றன. மெத்திலீன் வரும் 2,850-இல் ஏறக்குறைய அமைதி. நேராக நிமிர்ந்த சங்கிலியில் அடுத்தடுத்த மெத்திலீன்கள் எதிரெதிர்ப் பக்கம் நோக்கியிருப்பதால் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. நெருக்கத்தைத் தளர்த்தி வால்களை மடங்க விட்டால், அந்த இடத்தில் முகடு எழுகிறது. ஆக, எழுந்த முகடு ஒழுங்கின்மையின் அடையாளம். புதிதாக எதையும் சேர்க்கவில்லை. இருந்ததுதான் திசை மாறியது.

இந்த முறை மூலக்கூறுகளின் எண்ணிக்கையையும் திசையையும் பெருக்கித் தருகிறது. அதிலும், நாம் அளக்கும் ஒளிச்செறிவு அந்தப் பெருக்கத்தின் இருபடி. ஒரே திசையில் நிற்கும் மூலக்கூறுகள் பாதியாகக் குறைந்தால் ஒளி நான்கில் ஒன்றாகும். எண்ணிக்கை மாறாமல் திசை மட்டும் கலைந்தாலும் ஒளி குறையும். ஒரே நிறமாலையை வைத்துக்கொண்டு இரண்டையும் பிரிக்க முடியாது. ஒளியின் முனைவாக்கத்தை (மின்புலம் அலையும் திசையை) மாற்றி மாற்றி எடுத்து, முகடுகளின் விகிதத்திலிருந்து சாய்வுக் கோணத்தைக் கணக்கிடுகிறோம். கட்டுரைகளில் "பொருள் மேற்பரப்பிலிருந்து விலகியது" என்று ஒரே முகட்டை நம்பி எழுதியிருப்பதைக் கண்டால் எனக்குப் பொறுக்காது.

மார்ச் 15, காலை

மேல்நோக்கியதா, கீழ்நோக்கியதா என்பதையும் இருபடி மறைத்துவிடுகிறது; குறி போய்விடுகிறது. அதனால் தெரிந்த ஒளி ஒன்றோடு புதிய ஒளியைக் குறுக்கிடச் செய்து கட்டத்தையும் (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும்) அளக்கும் முறையை ஷென் குழுவினரும், ஜப்பானில் ரிக்கென் நிறுவனத்தின் தஹாரா குழுவினரும் வளர்த்தார்கள். அந்த முறையில் நீர்ப்பரப்பின் தாழ் அலை எண் பக்கம் எதிர்பாராத குறி ஒன்று தென்பட்டது. பனிக்கட்டியை ஒத்த சிறப்பான அமைப்பு என்றெல்லாம் விளக்கங்கள் எழுந்தன. 2015 வாக்கில் ஒப்பீட்டு ஒளியின் கட்டத்தை இன்னும் நுட்பமாகத் திருத்தி அளந்தபோது அந்தக் குறியே மறைந்தது. விளக்கங்கள் தேவையற்றுப் போயின. ஒப்பீட்டுப் பொருளைத் தட்டில் வைக்கும் உயரத்தில் சிறு வேறுபாடு இருந்தாலும் கட்டம் நழுவிவிடும். நீர் மட்டம் இறங்குவதைப் பற்றி முன்பு எழுதியது இதற்காகவும்தான்.

மார்ச் 18, இரவு

கிராணி ஐயா மறுபடி எழுதியிருக்கிறார். "தம்பி, நீர்த்தட்டும் எண்ணெயும் இருக்கட்டும். எங்கள் மரத்துப் பாலில் இதனால் ஏதாவது தெரியுமா?"

ஐயா, இதைக் கேட்கமாட்டீர்களா என்று காத்திருந்தேன். மங்கில் (மரத்தில் கட்டிய கிண்ணத்தில்) வடியும் பால் முழுக்க முழுக்க மேற்பரப்புதான். நீரில் மிதக்கும் ரப்பர் துகள்கள், ஒவ்வொன்றின் மேலும் புரதமும் பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்பு வகையும் சேர்ந்த மெல்லிய உறை. பாலில் ஏறத்தாழ முப்பது விழுக்காடு ரப்பர். துகள்கள் எல்லாம் ஒரு மைக்ரோமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் பாலில் அடங்கிய துகள்களின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 2,000 சதுர மீட்டர். அரை ஏக்கர் நிலம் ஒரு லிட்டருக்குள். உண்மையில் இன்னும் சிறிய துகள்கள் ஏராளம் என்பதால் பரப்பு இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

அந்த உறை எதிர்மின்சுமை கொண்டது. ஒன்றையொன்று தள்ளுவதால் துகள்கள் ஒட்டாமல் மிதக்கின்றன. காலையில் பால் கெட்டிப்படாமலிருக்க நீங்கள் அம்மோனியா விட்டது அந்தச் சுமையைக் காப்பாற்ற. கொட்டகைத் தொட்டியில் பார்மிக் அமிலத்தை நீரில் கரைத்து ஊற்றிப் பலகையால் கலக்கியது அந்தச் சுமையை அணைக்க. கலக்கியதும் நுரையை வழித்தெடுப்பார்கள். சற்று நேரத்தில் பால் தளதளவென்று இறுகும். விரலால் அழுத்தினால் தெளிந்த நீர் ஊறி நிற்கும். சிறுவனாக அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன நாள்களில் அந்தப் புளித்த நெடியோடு இதைப் பார்த்து நின்றிருக்கிறேன். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் கூடும்) 5-ஐ நெருங்கும்போது நடந்தது இது என்று பின்னாளில் படித்தேன்.

மார்ச் 19, இரவு

நேற்றையதன் தொடர்ச்சி. பாலில் இந்த முறை செல்லுமா என்பதற்கு ஒரு தடை உண்டு. துகள் உருண்டை. அதன் இடப்பக்க உறையும் வலப்பக்க உறையும் எதிரெதிராக நோக்குகின்றன. உட்பகுதி நீரைப் போலவே அழித்துக்கொள்ள வேண்டுமல்லவா? துகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருந்தால் அப்படித்தான் ஆகும். அலைநீளத்துக்கு ஒப்பான அளவில் இருந்தால், இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் ஒளிக்கிடையே கட்ட வேறுபாடு ஏற்பட்டு, முழுவதும் அழியாமல் சாய்வான திசைகளில் சிதறுகிறது. 1996-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கென்னத் ஐசன்தால் குழுவினர் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் பாலிஸ்டைரீன் மணிகளின் மேல் மாலகைட் பச்சைச் சாயத்தை ஒட்டவிட்டு இதைக் காட்டினார்கள். பிறகு சில்வி ரோக் துகள்களிலிருந்து கூட்டு அதிர்வெண் சிதறலையும் அளந்தார். ரப்பர் துகள்கள் இந்த அளவுக்குள் நன்றாகவே அடங்குகின்றன.

அதே ஐசன்தால் 1992-இல் செய்த இன்னொரு வேலை ஐயாவின் தொட்டிக்கு நேராகப் பொருந்துகிறது. சிலிக்கா–நீர் எல்லையில் பிஎச்-ஐக் கூட்டக் கூட்ட இரட்டை அதிர்வெண் ஒளி இரண்டு படிகளில் உயர்ந்தது. பரப்பில் எதிர்மின்சுமை ஏற ஏற, அதன் புலம் அருகிலுள்ள நீர் மூலக்கூறுகளை ஒரே பக்கம் திருப்புகிறது. திரும்பிய நீர்தான் அந்தக் கூடுதல் ஒளியைத் தருகிறது. படிகளின் இடத்திலிருந்து, சிலிக்காவில் பிஎச் 4.9, 8.5 அளவுகளை ஒட்டி எதிர்மின்சுமை பெறும் இரு வகை அமிலத் தொகுதிகள் இருப்பதாக முடிவு செய்தார்கள். ஒளியை வைத்து மின்சுமையை எடைபோட்ட வேலை அது. ரப்பர் பாலில் அமிலம் சேர்க்கும்போது சுமை எந்தக் கட்டத்தில், ஒரே படியிலா பல படியிலா அணைகிறது என்பதை இதே வழியில் பார்க்க முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மார்ச் 22, காலை

அகச்சிவப்பை ஏன் விட்டுவிட்டேன் என்று தங்கச்சி கேட்கிறார். பால் பெரும்பாலும் நீர்; நீர் அகச்சிவப்பை ஓரிரு மைக்ரோமீட்டருக்குள்ளேயே விழுங்கிவிடும். இரட்டை அதிர்வெண் முறைக்கு 800 நானோமீட்டர் ஒளி உள்ளே போனால் போதும், 400 நானோமீட்டர் வெளியே வரும். இரண்டையும் நீர் விட்டுவிடுகிறது. எந்தப் பிணைப்பு அதிர்ந்தது என்று தெரியாமல் போவது இதன் விலை.

மார்ச் 23, பின்னிரவு

இரவெல்லாம் யோசித்ததில் ஒரு சிக்கல் புலப்பட்டது. அமிலம் சேர்த்தால் சுமை குறைவதோடு துகள்களும் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டினால் உருவமும் அளவும் மாறும். சிதறல் அதனாலேயே கூடவோ குறையவோ செய்யும். ஒளி குறைந்ததற்கு நீர் திசை கலைந்தது காரணமா, துகள்கள் கூடியது காரணமா என்று சொல்ல முடியாமல் போகும். மார்ச் 14-இல் எழுதிய அதே கண்ணி.

ஆகவே பாலைப் பல ஆயிரம் மடங்கு நீரில் கரைத்துக்கொள்ள வேண்டும். துகள்கள் தூரத்தில் இருந்தால் ஒட்டுவதற்கு நேரமாகும், ஒளியும் பலமுறை சிதறாது. அமிலம் கலந்த சில நொடிகளிலேயே அளக்க வேண்டும். புதிய நிறத்தோடு சாதாரணச் சிதறலையும் அதே கோணத்தில் பதிவு செய்ய வேண்டும். ஒட்டுதல் தொடங்கினால் அது உடனே காட்டிக்கொடுக்கும். இன்னொரு ஒப்பீடும் தேவை: அமிலத்துக்குப் பதில் சாதாரண உப்பை மிகச் சிறிய அளவில் சேர்ப்பது. உப்பு உறையின் சுமையை அணைக்காது, அதன் புலம் எட்டும் தூரத்தை மட்டும் குறுக்கும். உப்பில் ஒளி குறையும் வடிவமும் அமிலத்தில் குறையும் வடிவமும் வேறாக இருந்தால், வேறுபாடு உறையினுடையது.

ஐயா, அம்மோனியா சேர்க்காத பால், மரத்திலிருந்து இறங்கி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை உங்கள் கொட்டகை அனுபவத்திலிருந்து எழுதுங்கள். மழைநாளில் எவ்வளவு, வெயில் நாளில் எவ்வளவு, இலையுதிர்ந்து மரம் துளிர்க்கும் இந்த மாதங்களில் எவ்வளவு என்று தனித்தனியாகச் சொன்னால் நல்லது. அளவீட்டை அந்த நேரத்துக்குள் முடித்தாக வேண்டும்.